பார்னல்லி விண்கல்

பார்னல்லி விண்கல் என்பது 1857 பிப்ரவரி 28 அன்று, அன்றைய மதுரை மாவட்டத்தில் விழுந்த பாறை விண்கல் ஆகும். தமிழ்நாட்டில் விழுந்த விண்கற்களுள் உலக ஆய்வாளர்கள் பெரிதும் ஆராய்ந்தவற்றில் இதுவும் ஒன்று. இதன் இன்றைய வகைப்பாடு எல்எல்3.6. இந்தச் சிறு குறியீடு உருவாக நூறாண்டுக்கும் மேல் ஆயிற்று.

வீழ்ச்சி

நண்பகல் வேளையில் பெரும் வெடியோசையைத் தொடர்ந்து இரு கற்கள் விழுந்தன. பெரியது சுமார் 61 கிலோகிராம், சிறியது சுமார் 17 கிலோகிராம். பெரிய கல் பின்னர் லண்டன் சென்றது. விண்கற்களுக்கு விழுந்த இடத்தின் பெயரை இடுவது மரபு. ஆங்கிலப் பதிவேடுகள் எழுதிய ‘பார்னல்லி’ என்ற வடிவமே நிலைத்துவிட்டது.

வகைப்பாட்டின் வரலாறு

இக்கல் விழுந்தபோது ‘காண்டிரைட்டு’ என்ற சொல்லே இல்லை. 1860களில் பெர்லின் கனிமவியலாளர் குஸ்தாவ் ரோஸ், சிறு உருண்டைகள் நிறைந்த பாறை விண்கற்களுக்கு அப்பெயரை இட்டார். மணி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. அந்த உருண்டைகள் காண்டிரூல்கள் எனப்படும். விண்வெளியில் உருகிய துளிகள் விரைந்து குளிர்ந்ததால் உண்டானவை அவை.

1953இல் யூரி, கிரெய்க் ஆகியோர் இரும்பின் அளவைக் கொண்டு சாதாரணக் காண்டிரைட்டுகளை எச் (இரும்பு மிகுதி), எல் (இரும்பு குறைவு) என இரண்டாகப் பிரித்தனர். 1964இல் கைல், பிரெட்ரிக்சன் ஆகியோர் எல்எல் தனிக் குழு என்று காட்டினர். மொத்த இரும்பும் உலோக இரும்பும் இதில் குறைவு.

1967இல் வான் ஷ்மஸ், வுட் ஆகியோர் கல் எவ்வளவு வெப்பத்துக்கு உள்ளானது என்பதைக் குறிக்க எண்களைச் சேர்த்தனர். சாதாரணக் காண்டிரைட்டுகளில் 3 என்பது மிகக் குறைவாக வெந்த கல், 6 நன்கு வெந்த கல். 1980இல் சியர்ஸ் குழுவினர், சூடேற்றும்போது கல் உமிழும் ஒளியை அளந்து மூன்றாம் வகையை 3.0 முதல் 3.9 வரை பகுத்தனர்.

கனிம அமைப்பு

ஒலிவைன், பைராக்சின் என்னும் சிலிக்கேட்டுகளே இக்கல்லின் முதன்மைக் கனிமங்கள். இரும்பு-நிக்கல் உலோகமும், திரோயிலைட்டு என்னும் இரும்பு சல்பைடும் சிறிதளவு உண்டு. நன்கு வெந்த கல்லில் எல்லா ஒலிவைன் மணிகளும் ஏறத்தாழ ஒரே அளவு இரும்பைக் கொண்டிருக்கும். வெப்பத்தில் அணுக்கள் நகர்ந்து வேறுபாட்டைச் சமன்செய்துவிடுவதே காரணம். பார்னல்லியில் அப்படியில்லை. மக்னீசியம் மிகுந்த மணியும் இரும்பு மிகுந்த மணியும் அருகருகே இருக்கின்றன.

இதைவிட வியப்பானது, சிலிக்காவின் உயர்வெப்ப வடிவமான கிறிஸ்டோபலைட்டு கொண்ட துண்டுகள் இதில் காணப்படுவது. தனிச் சிலிக்காவும் மக்னீசியம் மிகுந்த ஒலிவைனும் உயர்வெப்பத்தில் ஒன்றாக இருந்தால், வினைபுரிந்து பைராக்சினாகிவிடும். இரண்டும் ஒரே கல்லில் இருப்பதால், வெவ்வேறு சூழலில் உருவான பொருள்கள் பின்னர் ஒன்றுசேர்ந்தன என்பதும், அதன்பின் கல் கடுமையாகச் சூடாகவில்லை என்பதும் புலனாகின்றன.

நம்மியந்தல் கல்லுடன் ஒப்பீடு

1886 ஜனவரி 27 அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் விழுந்த நம்மியந்தல் விண்கல் எச்5 வகையைச் சேர்ந்தது. இரும்பு மிகுந்த அக்கல், தன் தாய்க்கோளின் உள்ளே வெந்து, கனிம வேறுபாடுகளை இழந்தது. இரு கற்களும் தமிழ்நாட்டில் விழுந்திருந்தாலும், வெவ்வேறு தாய்க்கோள்களிலிருந்து வந்தவை எனக் கருதப்படுகிறது.

முக்கியத்துவம்

ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இடோகாவா சிறுகோளிலிருந்து 2010இல் துகள்களைக் கொண்டுவந்தது. ஆய்வில் அவை எல்எல் காண்டிரைட்டுப் பொருளுடன் பொருந்தின. ஆயினும் அத்துகள்களுள் பெரும்பாலானவை வெப்பத்தால் மாறியவை. சூரியக் குடும்பம் உருவான ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பொருள்களின் வேறுபாடுகளைப் பெருமளவு காத்து வைத்திருப்பதே பார்னல்லியின் சிறப்பு.