மணிக்கணக்கில் வயது

கந்தளாய், தம்பலகாமம் கடந்து ரயில் சீனன்குடா நிலையத்தில் நிற்கும்போது, சன்னலோரத்தில் இருப்பவர்களில் ஒருவராவது அண்ணாந்து பார்ப்பார். எண்ணெய்க் குதங்களுக்கு மேலே, இறக்கையைத் தலைக்கு மேல் வைத்த சின்ன விமானம் ஒன்று வட்டமிடும். ஓடுபாதையைத் தொடும், நிற்காமல் திரும்பவும் எழும்பும். உள்ளே இரண்டே பேர், தோளோடு தோள் உரச. விமானப்படைக் கல்விக்கூடத்துப் பிள்ளைகள் பறக்கப் பழகும் செஸ்னா 150 அது.

அது பிறந்த இடம் கடலைக் காணாத ஊர்: அமெரிக்காவின் கன்சஸ் மாநிலத்து விச்சிட்டா. முதலாவது 150 வானேறியது 1957 செப்டெம்பரில். திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் கையளித்ததும் அதே ஆண்டில்தான். 1977இல் இந்த வகையைச் செய்வது நின்றது. அதற்குள் 23,000க்கும் அதிகமானவை வெளிவந்திருந்தன. ஆகவே இன்று யார் 150 ஒன்றை வாங்கினாலும், நாற்பத்தைந்து வயது தாண்டிய விமானத்தைத்தான் வாங்குகிறார். விபத்து வழக்குகளின் நட்டஈட்டுச் சுமை தாங்காமல் 1986இல் செஸ்னா நிறுவனம் சிறிய பிஸ்டன் விமானங்களைச் செய்வதையே நிறுத்திவிட்டது. 1994இல் அமெரிக்காவில் சட்டம் மாறிய பிறகுதான் அந்த வேலை மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் புதியது வராததால், பழையவற்றைப் பேணிப் பறப்பதே உலகெங்கும் வழக்கமாயிற்று.

அமெரிக்கச் சந்தையில் பறக்கும் நிலையிலுள்ள 150 ஒன்று சில பத்தாயிரம் டொலருக்குக் கிடைக்கும். புதிய செஸ்னா 172 ஒன்றுக்கு நான்கு இலட்சம் டொலருக்கு மேல் வேண்டும். மலிவு என்று கை நீளத்தான் செய்யும். ஆனால் அதற்குள் இருக்கும் நூறு குதிரைவலு கொன்டினென்டல் எஞ்சினுக்கு, 1,800 மணி நேரம் ஓடியதும் முழுதாகக் கழற்றிப் புதுக்க வேண்டும் என்று செய்தவர்களே எல்லை வைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்குப் போகும் பணம் விமானத்தின் விலையையே எட்டும். 1,700 மணி ஓடிய எஞ்சினோடு பாதி விலைக்கு வருவது மலிவே அல்ல. யானையை வாங்குவதைவிடத் தீனி போடுவதுதான் பாடு என்பது நம் ஊர்களில் தெரியாத சங்கதியும் அல்ல.

விமானத்தின் வயதைக் கேட்பவர்கள் ஆண்டைக் கேட்பதில்லை, மணியைத்தான் கேட்பார்கள். பதில் பதிவேட்டில் இருக்கும். எந்தத் தேதியில் எத்தனை மணி பறந்தது, எந்த உருளையின் அழுத்தம் எவ்வளவு, எந்தத் திருகை யார் மாற்றினார், யார் கையொப்பம் இட்டார், எல்லாம் அதில் உண்டு. உலோகத்துக்கு நாவில்லை. விச்சிட்டாவில் புறப்பட்டு, பயிற்சிப் பள்ளிகளில் கன்னிப் பறப்புக்காரர்களின் தடால் தடால் இறக்கங்களைத் தாங்கி, இறக்கை கழற்றப்பட்டுக் கொள்கலனில் கடல் கடந்து வரும் விமானத்தின் கதையைச் சொல்ல அந்த ஏடு ஒன்றுதான் மிஞ்சும். ஏடு தொலைந்த விமானத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் சோமசெட் கார்களை யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டியவர்கள் நாங்கள். பழையதை உயிரோடு வைத்திருக்கும் கைத்திறன் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கார் நின்றால் இறங்கித் தள்ளலாம். செஸ்னாவின் இருக்கைகள் தண்டவாளம் போன்ற சட்டத்தில் முன்பின் நகரும். ஆண்டுக்கணக்கில் தேய்ந்த துளையில் முளை சரியாகப் பிடிக்காவிட்டால், எழும்பும் நேரத்தில் இருக்கை பின்னே வழுக்கும். கையில் பிடித்த சுக்கானும் கூடவே இழுபடும், மூக்கு மேலே தூக்கும். இப்படி உயிர்கள் போன பிறகுதான் அந்தத் துளைகளை அளந்து பார்ப்பது கட்டாயமாக்கப்பட்டது.

சீனன்குடாவில் இன்னொரு எதிரியும் உண்டு. அது உப்புக் காற்று. அலுமினியத் தகட்டின் பொருத்துகளில் வெள்ளைத் தூளாக அரிப்பு பூக்கும். சுக்கானை இழுக்கும் உருக்குக் கம்பிவடத்தில் ஒரு இழை அறுந்தாலும் கண்ணில் படாது. அதனால் பராமரிப்பவர்கள் துணியை வடத்தில் சுற்றி, நீளத்துக்கு இழுத்துக்கொண்டே போவார்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே இழை அறுந்திருக்கிறது. இவ்வளவு எளிமையான சோதனையில் இத்தனை உயிர்கள் தங்கியிருப்பதை நினைக்கும்போது அந்தக் கைகள்மேல் எனக்குப் பெரும் மரியாதை.

பழையதை வாங்கித் தொடங்குவது இந்த நாட்டுக்குப் பழகிய வழி. 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போன எயார் சிலோனின் முதல் பறப்பு டக்கோட்டா ஒன்றில்தான். யுத்தம் முடிந்து மிஞ்சிய விமானங்களில் மூன்றை வாங்கி, சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று அரசியரின் பெயர் வைத்தார்கள்.

சீனன்குடாவில் பழைய விமானங்கள் வேறு வேலைக்கும் எழுப்பப்பட்டிருக்கின்றன. 1971 ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தபோது, மூடி வைத்திருந்த ஜெட் புரொவோஸ்ட் பயிற்சி விமானங்களை அவசரமாகப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது இங்கேதான். பிள்ளைகளுக்குப் பறப்புக் கற்பிக்க வாங்கியவை, ராக்கெட் பூட்டிக்கொண்டு இந்த நாட்டுப் பிள்ளைகள்மீதே போயின.

2023 ஆகஸ்ட் 7ஆம் திகதி காலை, இதே தளத்தில் எழும்பிய சீனத் தயாரிப்பு பி.ரி.-6 பயிற்சி விமானம் சில நிமிடங்களில் விழுந்தது. விமானியும் உடனிருந்த பொறியியலாளரும் இறந்தார்கள். பி.ரி.-6இன் மூல வடிவம் முதலில் பறந்தது 1958இல். செஸ்னா 150க்கு ஒரு வயதுதான் இளையது.

பயிற்சி தொடர்கிறது. ஒரு நாள் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிக்கொள்வார். பக்கத்து இருக்கை காலியாக, அந்தப் பிள்ளை தனியே ஓடுபாதைக்குப் போகும். குதங்களைச் சுற்றி, உள்துறைமுகத்துத் தண்ணீரின் மேலே ஒரு வட்டம், ஒரு இறக்கம். எஞ்சின் ஆறும் நேரத்தில் யாரோ பதிவேட்டை எடுத்து, தேதிக்கு நேரே அந்தச் சில நிமிடங்களைக் கூட்டி எழுதுவார்.