ஆடுகளமும் வர்க்கமும்: ஆங்கிலக் கிரிக்கெற்றின் ஆரம்ப வளர்ச்சி பற்றிய ஒரு குறிப்பு

விளையாட்டைச் சமூக வரலாற்றுக்குப் புறம்பான பொழுதுபோக்காகக் கருதும் போக்கு நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. ஆயின் கிரிக்கெற்றின் ஆரம்ப வரலாற்றை நுணுகி நோக்கின், இங்கிலாந்தின் வர்க்க உறவுகள் அதன் விதிகளிலேயே பதிந்திருப்பதைக் காண்கிறோம்.

1598இல் கில்ட்போர்டில் நடந்த நிலவழக்கொன்றில், ஏறத்தாழ 1550இல் பாடசாலைச் சிறுவனாகத் தாம் அந்நிலத்திற் கிரிக்கெற் ஆடியதாக ஜோன் டெரிக் சாட்சியமளித்தார். இவ்வாறு தென்கிழக்கு இங்கிலாந்தின் எளிய மக்களிடையே நிலவிய ஆட்டத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் நிலவுடைமைப் பிரபுக்கள் தமதாக்கிக்கொண்டனர். அவர்களை ஈர்த்தவற்றுள் பந்தயம் முதன்மையானது. பணம் புழங்குமிடத்துப் பிணக்குத் தீர்க்க எழுத்துவடிவ விதிகள் இன்றியமையாதனவாயின. 1727இல் ரிச்மண்ட் கோமகனும் அலன் புரொட்றிக்கும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆட்டம் பற்றிக் கருத்துரைக்கும் ஆட்டக்காரர் விலக்கப்படுவர் என்றது. அவ்விருவருக்கு மட்டும் விலக்களித்தது. பேசும் உரிமையும் உடைமையைப் பொறுத்ததாயிற்று என்பது மனங்கொளத்தக்கது. 1744இல் இலண்டனில் விதிகள் தொகுக்கப்பட்டன. 1787இல் தோன்றிய மேரிலிபோன் கிரிக்கெற் கழகம் அவற்றின் காவலனாயிற்று.

பிரபுக்கள் திறமைமிக்க உழைப்பாளரைத் தம் பண்ணைகளிற் பணிக்கமர்த்தி ஆடவைத்தனர். இவ்வுறவே 1806இல் தொடங்கிய 'கனவான்கள் - ஆட்டக்காரர்' போட்டியில் வெளிப்படையாயிற்று. ஊதியம் பெறுவோர் தனி அறையில் உடைமாற்றித் தனி வாயிலால் களமிறங்கும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது. ஆயினும் ஊதியம் பெறாக் கனவானெனக் கொள்ளப்பட்ட டபிள்யூ. ஜி. கிறேஸ், 1873-74 அவுஸ்திரேலியப் பயணத்திற்கு 1500 பவுண் பெற்றார். உடன்சென்ற தொழின்முறையாளர் பெற்றதோ அதில் ஒரு சிறு பங்கே. எனவே 'கனவான்' என்பது பணம் பெறாமையைவிட வர்க்க நிலையையே சுட்டிற்று எனலாம்.

ஏனைய விளையாட்டுக்களும் இம்முரண்பாட்டிலிருந்து தப்பவில்லை. போட்டிக்காக வேலையை இழந்த தொழிலாளிக்கு ஈடுசெய்வதா என்ற வினாவே 1895இல் றக்பி ஆட்டத்தை இரண்டாகப் பிளந்தது. கிரிக்கெற்றில் இப்பாகுபாடு 1962 வரை நீடித்தது.

இலங்கைக் கல்லூரிகள் குடியேற்றவாட்சியின் வழி ஏற்றுக்கொண்ட 'கனவான் ஆட்டம்' என்னும் இலட்சியம் இப்பாகுபாட்டின் பேறேயாகும். அதனைத் தூய பண்பாகப் போற்றுமுன், ஊதியமின்றி ஆட எவரிடம் ஓய்வும் உடைமையும் இருந்தன என நாம் வினவுதல் வேண்டும்.