இளையோரின் ஆலோசனையும் தரவின் நம்பகத்தன்மையும்

நலவாழ்வுச் சமத்துவ ஆய்வுகளில் இளையோரை ஆலோசகர்களாகச் சேர்ப்பதை அறக்கடமை என்றே பலரும் கருதுகின்றனர். அது தரவின் நம்பகத்தன்மைக்கே தேவையானது என்பது இக்கட்டுரையின் வாதம். எச்ஐவி தடுப்புக்கான ‘வாய்ஸ்’ ஆய்வு இதற்கு வலுவான சான்று. 2009இல் தொடங்கிய அந்த ஆய்வில் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளின் 5,029 பெண்கள் சேர்ந்தனர். நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்க வேண்டும், அல்லது யோனி ஜெல் இட வேண்டும். பங்கேற்பாளர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் மருந்துப் பயன்பாடு ஏறத்தாழ 90 விழுக்காடு. சோதித்த இரத்த மாதிரிகளிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் மருந்து தென்பட்டது. 25 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பெண்களிடம் பயன்பாடு மிகக் குறைவாகவும் புதிய தொற்று மிக அதிகமாகவும் இருந்தன. எந்த மருந்தும் பயன் தந்ததாக நிறுவ முடியவில்லை.

காரணங்கள் பின்னரே வெளிவந்தன. இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காட்டிப் பேசியபோது பல பெண்கள் மனம் திறந்தனர். வீட்டில் மாத்திரையைப் பார்ப்பவர்கள் தங்களுக்கு எச்ஐவி இருப்பதாக நினைப்பார்களோ என்ற அச்சம், துணைவரின் சந்தேகம், பக்கவிளைவு பற்றிச் சக பங்கேற்பாளர்களிடையே உலவிய வதந்தி, மருந்தை விட்டாலும் இலவச மருத்துவப் பரிசோதனையை விட மனமில்லாமை ஆகியவையே அவர்கள் சொன்ன காரணங்கள். இவற்றைக் கண்டறிய ஆய்வகம் வேண்டியதில்லை. ‘இந்த மாத்திரைப் புட்டியை வீட்டில் எங்கே வைப்பீர்கள்?’ என்று அதே வயதுப் பெண்கள் சிலரைத் திட்ட வரைவின்போதே கேட்டிருந்தால், இவற்றில் பாதியாவது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அந்த ஆய்வு மையங்களில் சமூக ஆலோசனைக் குழுக்கள் இருந்தனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எழுதி முடித்த திட்டத்தைப் படித்துத் தலையசைக்கும் குழுவும், கேள்வியையே மாற்றும் உரிமையுள்ள குழுவும் ஒன்றல்ல. ரோஜர் ஹார்ட் 1992இல் வகுத்த பங்கேற்பு ஏணியில் அலங்காரமும் ஒப்புக்கு இடம் தருவதும் பங்கேற்பே ஆகாத கீழ்ப்படிகள். அடுத்த ஆட்சேபம் பிரதிநிதித்துவம் பற்றியது: நன்கு பேசத் தெரிந்த, படித்த இளைஞர்களே இத்தகைய குழுக்களுக்கு வருகிறார்கள். உண்மை. எனினும் மக்கள்தொகையைப் பிரதிபலிப்பது மாதிரிக்கூறின் வேலை. ஆய்வாளரின் அனுமானம் எங்கே தவறுகிறது என்று காட்டுவதே ஆலோசகரின் வேலை. பள்ளியை விட்டவர்களும் மருத்துவமனைப் பக்கமே வராதவர்களும் இதைச் செய்ய வல்லவர்கள். அவர்கள் வர வேண்டுமானால் பேருந்துக் கட்டணத்தோடு அன்றைய கூலியையும் ஆய்வுதான் ஏற்க வேண்டும்.

இளையோர் எப்படியும் மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்த மாட்டார்கள் என்ற வாதத்தை ‘ரீச்’ ஆய்வு தளர்த்திவிட்டது. அதே மூன்று நாடுகளில் 16 முதல் 21 வயது வரையிலான 247 பெண்கள் மாத்திரையையும் தடுப்பு மருந்துள்ள யோனி வளையத்தையும் ஆறாறு மாதம் பயன்படுத்தினர். பிறகு விரும்பியதைத் தேர்ந்தனர். ஏறத்தாழ மூன்றில் இருவர் வளையத்தை நாடினர். பயன்பாடும் எதிர்பார்த்ததைவிட உயர்ந்திருந்தது. இதை ஆலோசனைக் குழுக்களின் சாதனை என்று சொல்வதற்கில்லை. தீவிர ஊக்கமும் ஆதரவும் அதில் சேர்ந்தே இருந்தன. இளையோரின் விருப்பத்தைக் கேட்டு அதன்படி நடந்தால் பயன்பாடு உயரக்கூடும் என்ற அளவுக்கு மட்டும் இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

ஆகவே நெறிமுறைக் குழுக்கள் ‘இளையோர் குழு உண்டா?’ என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அக்குழு சொன்னதால் ஆய்வுத் திட்டத்தில் எது மாறியது என்று எழுத்தில் கேட்க வேண்டும். எதுவும் மாறவில்லையென்றால் அதையும் ஆய்வறிக்கையில் பதியச் செய்ய வேண்டும்.