கைரா விவசாயிகளின் பதினைந்து நாட்கள்

நெல்லை விளைவித்தவன் விலை இறங்கியிருக்கக் கண்டால், கடன்காரன் வாசலில் வந்து நில்லாதவரை, சில வாரங்களேனும் அதனைக் களஞ்சியத்தில் வைத்துப் பொறுத்திருக்கலாம். புகையிலையைப் பாடமிட்டு வைத்திருப்பவனும் அவ்வாறே காத்திருக்கலாம். பால் கறப்பவனுக்கோ அந்த அவகாசம் கிடையாது. காலையிற் கறந்த பால் மாலைக்குள் திரிந்துவிடும். இதனை அவன் அறிவான். அவனிடம் வாங்க வருபவனும் நன்கறிவான். விலைபேசும் களத்தில் இருவரும் சமமானவராய் நிற்பதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. மறுபுறத்தில், பாலுக்கு விலை கிடைத்தாலும் கிடையாவிட்டாலும் மாட்டின் வயிறு நாள்தோறும் நிரப்பப்படல் வேண்டும். வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் விலையேறும்போது, அவ்வேற்றத்தைப் பாலின்மேற் சுமத்தும் ஆற்றல் அவனுக்கு இல்லை.

இந்த முரண்பாட்டை எமது நாடு அண்மையிலே கண்கூடாகக் கண்டது. 2021 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2022 இலும் நகரங்களிற் பால்மாப் பெட்டிக்காகத் தாய்மார் வரிசையில் நின்றனர். அதே காலத்தில், இரசாயன உரத் தடையாற் சோள விளைச்சல் வீழ்ச்சியுற்று, கால்நடைத் தீவனம் எட்டாத விலைக்குப் போனமையால், மாடு வளர்ப்போர் செய்வதறியாது தவித்தனர். பாலுக்கு ஏங்கிய மக்கள் ஒருபுறம். பால் தருவோரின் துயர் மறுபுறம். இவ்விரு கூட்டத்தாரையும் பிரித்து நின்ற சக்தி எது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் கைரா என வழங்கிய கேடா மாவட்டத்தின் வரலாற்றை ஒருமுறை ஊன்றி நோக்குதல் நன்று.

கைரா வளமான சமவெளி. எருமைகள் அதன் செல்வம். அங்குள்ள விவசாயிகள் போராட்டத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1918 இல் விளைச்சல் பொய்த்தபோது நிலவரி செலுத்த மறுத்து, காந்தியடிகளின் தலைமையிலே ஆங்கில ஆட்சியை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். எனினும் வரி கேட்ட அரசாங்கத்தை எதிர்க்கத் தெரிந்த அவ்விவசாயிகளுக்கு, பால் வாங்க வந்த முகவரை எதிர்க்கும் வழி நெடுங்காலமாகத் தெரியவில்லை. அரசாங்கம் ஓர் உருவத்தோடு எதிரே நின்றது. முகவரோ ஊரவராகவும், அவசரத்துக்கு முன்பணம் தருபவராகவும் விளங்கினர். சுரண்டல் உறவின் முகமூடி அணிந்து வரும்போது அதனை இனங்காண்பது எளிதன்று.

மாவட்டத்தின் ஆனந்த் நகரில் போல்சன் என்னும் தனியார் நிறுவனம் பாற்பண்ணை அமைத்து வெண்ணெய் வியாபாரத்திலே கொழித்து வந்தது. 1945 இல் பம்பாய் அரசாங்கம் மாநகரின் பாற்பஞ்சத்தைத் தீர்க்க ஒரு திட்டம் வகுத்தது. நானூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள ஆனந்திலிருந்து புகையிரதத்திற் பாலைக் கொண்டுவருவதே அத்திட்டம். போல்சன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. சுற்றுக் கிராமங்களிற் பால் சேகரிக்கும் ஏகபோக உரிமையும் அதற்கே கிட்டியது. நிறுவனத்துக்கு இலாபம், முகவருக்குத் தரகு, மாநகரத்தாருக்குப் பால். ஆனால், எருமையின் காலடியில் அமர்ந்து பால் கறந்தவனுக்கு இவ்வளவு கொடுத்தேயாக வேண்டும் என்ற நிபந்தனை அத்திட்டத்தில் எங்கும் இருக்கவில்லை. எல்லோருடைய பங்கையும் வகுத்த அரசாங்கம் உற்பத்தியாளனின் பங்கை மட்டும் சந்தையின் தயவுக்கு விட்டுவிட்டது.

விவசாயிகள் வல்லபாய் பட்டேலிடம் முறையிட்டனர். அவர் இடதுசாரியல்லர் என்பதை நாம் அறிவோம். எனினும் அவர் தந்த ஆலோசனை தெளிவானது: இடைத்தரகரை அகற்றிக் கூட்டுறவாக ஒன்றுசேருங்கள், பாலைப் பதப்படுத்தும் நிலையமும் உங்களுடையதாகவே இருக்கட்டும், அரசாங்கம் மறுத்தாற் பால் கொடாதீர்கள், நட்டத்தைத் தாங்க ஆயத்தமாயிருங்கள். அவர் அனுப்பிய மொறார்ஜி தேசாயின் முன்னிலையில், 1946 சனவரி 4 ஆம் நாள், சமர்க்கா என்னும் கிராமத்திலே கூட்டம் கூடிற்று. கிராமந்தோறும் சங்கம் அமைப்பதென்றும், அவை அனைத்தையும் ஒன்றியமாக இணைப்பதென்றும், அவ்வொன்றியத்திடமே அரசாங்கம் பால் வாங்க வேண்டுமென்றும் அங்கு முடிவு செய்யப்பட்டது. இக்கோரிக்கையை அரசாங்கம் ஏற்கவில்லை. மறியல் தொடங்கியது.

பதினைந்து நாட்கள்! ஆலைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால் இயந்திரம் அசையாது நிற்கும். எருமையோ நிறுத்தத்தை அறியாது. அதற்குத் தீனி போட வேண்டும். இருவேளையும் கறந்தேயாக வேண்டும். கறந்த பாலை விற்காதிருப்பதே இம்மறியலின் கடினம். அன்றாட வருவாயை இழந்து, அன்றாடச் செலவைச் சுமந்து, அக்குடும்பங்கள் பதினைந்து நாட்கள் உறுதியாய் நின்றன. அக்கிராமங்களிலிருந்து பம்பாய்க்கு ஒரு துளி பாலும் போகவில்லை. ஈற்றிலே பம்பாயின் பால் ஆணையாளர் ஆனந்துக்கு நேரில் வந்து நிலைமையைக் கண்டார். விவசாயிகளின் கோரிக்கை ஏற்கப்பட்டது. 1946 டிசம்பர் 14 ஆம் நாள் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு பெற்றது. திரிபுவன்தாஸ் பட்டேல் அதன் தலைவரானார்.

மறியலின் வெற்றியைப் பாடுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். எமக்கோ அதன் பின்னர் நிகழ்ந்தவையே கூடுதலான படிப்பினை தருகின்றன. 1948 இல் ஒன்றியம் பாலைப் பதப்படுத்தத் தொடங்கியபோது அதனோடு இணைந்திருந்தவை இரண்டு சங்கங்களே. நாளொன்றுக்குச் சேர்ந்த பால் ஏறத்தாழ 250 லீற்றர் மட்டுமே. கோழிக்கோட்டிற் பிறந்து சென்னையிற் கல்வி கற்ற வேர்கீஸ் குரியன் என்னும் இளம் பொறியியலாளர், அரசாங்கப் புலமைப் பரிசிலுக்கான கடப்பாட்டை நிறைவேற்ற, 1949 இல் விருப்பமின்றியே ஆனந்துக்கு வந்தார். ஒன்றியத்தின் பழுதுபட்ட இயந்திரங்களைத் திருத்தப் போய் அங்கேயே நிலைத்துவிட்டார். அறிவுத்துறையினர் விவசாயிகளின் ஊழியராகப் பணியாற்றுவதென்றால் என்ன என்பதற்கு அவரது வாழ்வு ஒரு சான்று.

சங்கத்தின் நடைமுறை எளிமையானது. கிராமத்தவர் எவராயினும் தமது பாத்திரத்தோடு வரிசையில் நிற்பர். பால் அளக்கப்படும், அதிலுள்ள கொழுப்பு சோதிக்கப்படும், அதற்கேற்ப விலை கணிக்கப்படும். காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாட் காலையிலும் காசு கைக்கு வரும். இதனைச் சிறிய காரியமென்று எண்ணலாகாது. முகவரின் பலம் அவர் அளவைக் கள்ளத்தில் மட்டும் இருக்கவில்லை. பணத்தைத் தாமதித்துக் கொடுப்பதிலும், அத்தாமதத்தைக் கடனால் நிரப்புவதிலும் இருந்தது. அன்றன்றே கிடைத்த காசு அக்கடன் விலங்கை உடைத்தது.

அடுத்த தடை பருவத்தால் வந்தது. குளிர்காலத்தில் எருமைகள் கோடைகாலத்தைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பால் தரும். அத்தனையையும் பம்பாய் வாங்காது. மிஞ்சிய பால் மீண்டும் முகவரிடம் மலிவாகப் போய்ச் சேரும். மிகையைப் பால்மாவாக்கினாலன்றி விலையை நிலைநிறுத்த முடியாது. எருமைப் பாலைப் பால்மாவாக்க இயலாதென்று மேனாட்டு நிபுணர் கூறினர். எச். எம். தலாயா என்ற தொழில்நுட்பவியலாளர் அதனைச் செய்து காட்டினார். யுனிசெப் நிறுவனத்தின் உதவியோடும், கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசீலாந்து அளித்த உதவியோடும் எழுந்த ஆலையை 1955 அக்டோபர் 31 இல் நேரு திறந்துவைத்தார். கொழும்பின் பெயரைத் தாங்கிய திட்டம் ஆனந்திலே பால்மா ஆலையை எழுப்ப உதவிற்று. கொழும்போ இன்றுவரை நியூசீலாந்துப் பால்மாவை எதிர்பார்த்து நிற்கின்றது!

விலையை மட்டும் கைப்பற்றினாற் போதாது, செலவையும் ஆளவேண்டும் என்பதையும் அவர்கள் விரைவில் உணர்ந்தனர். தீவன வியாபாரி விலையை ஏற்றினாற் பால்விலையில் வென்றதெல்லாம் புண்ணாக்கில் தோற்றுப்போகும். ஆதலால், கஞ்சரி என்னுமிடத்தில் ஒன்றியம் தானே தீவன ஆலை ஒன்றை அமைத்தது. 1964 அக்டோபர் 31 இல் அதனைத் திறக்க வந்த பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, முதல் நாளிரவு அஜர்புரா என்ற கிராமத்து விவசாயி ஒருவரின் வீட்டிலே தங்கி, ஊரவரோடு நெடுநேரம் உரையாடினார். மறுஆண்டு ஆனந்திலே தேசிய பாற்பண்ணை அபிவிருத்திச் சபை தோன்றியது அச்சந்திப்பின் விளைவேயாகும்.

கைராவை நாம் குறையற்ற சொர்க்கமாகச் சித்திரிக்கலாகாது. சங்கத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது உண்மையே. ஆயினும் நிலமும் அதில் விளையும் பசுந்தீனியும் உடைய பட்டிதார் சாதியினர் பல எருமைகளை வைத்திருக்க, நிலமற்றவன் வரம்பிலே புல்லரிந்து ஓர் எருமையைக் காத்தான். வரிசை ஒன்றாக இருந்தது; வரிசைக்கு வருமுன் இருந்த ஏற்றத்தாழ்வு அப்படியே நின்றது. தீனி இட்டு, சாணம் அள்ளி, பால் கறந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நிர்வாகக் குழுவில் அமர்ந்தவர்களோ பெரும்பாலும் ஆண்கள். மேலும், 1946 இல் ஆட்சியை ஏற்கவிருந்த தலைவர்களின் அரவணைப்பும் அம்மறியலுக்கு வாய்த்தது. எல்லா மறியலுக்கும் அவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை. இம்முரண்பாடுகளைத் திரையிற் காட்டிய ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) திரைப்படத்துக்கு, குஜராத்தின் ஐந்து இலட்சம் விவசாயிகள் தலைக்கு இரண்டு ரூபா வீதம் முதலிட்டனர். கூட்டுறவுச் சங்கத்துள் நுழையும் சாதியத்தைக் காட்டும் படத்துக்கு உழைப்பாளரே காசு கொடுத்தார்கள் என்பது கலை இலக்கியத்துறையினர் சிந்திக்கத் தக்கது.

கூட்டுறவால் தேசிய எல்லைக்குள் தீர்த்த சிக்கல் உலகச் சந்தையிலே மீண்டும் தலைதூக்குகின்றது. 2018 யூலையில் மகாராஷ்டிர விவசாயிகள் பாலை வீதியிலே கொட்டினர். உலகச் சந்தையில் கொழுப்பகற்றிய பால்மாவின் விலை சரிந்தமையால், ஆலைகள் பாலின் கொள்விலையைக் குறைத்திருந்தன. தான் கண்டிராத நாடுகளின் மிகைப்பாலே தன் வீட்டுப் பாலின் விலையைத் தீர்மானிப்பதை அவ்விவசாயி கண்டான்.

எமது நாட்டில் நிகழ்ந்ததும் இதன் மறுவடிவமே. நெடுங்காலமாக மலிவாக வந்திறங்கிய பால்மா எமது குழந்தைகளின் சுவையை மாற்றியது. உள்ளூர்ப் பாலின் விலையை அமுக்கியது. மேய்ச்சல் நிலங்களைப் பற்றிய அக்கறையை மழுங்கச் செய்தது. பின்னர் அந்நியச் செலாவணி வற்றியபோது பால்மாவும் இல்லை, அதற்கு ஈடுசெய்யப் போதிய பசும்பாலும் இல்லை என்றாயிற்று. மலையகத் தோட்டங்களிலே லயத்தின் அருகே ஒரு பசுவைக் கட்டி, தேயிலைக் கூலியோடு அதன் பாலையும் நம்பி வாழும் தொழிலாளிக்கு, அந்தப் பசு மேய ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லை. வடக்கிலும் கிழக்கிலும் மேய்ச்சற்றரைகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன.

கைரா எமக்குக் கற்பிப்பது யாது? பால் விலை, தீவன விலை, மிகைப்பாலைப் பதனிடும் ஆலை ஆகிய மூன்றும் ஒரே கையில் இருத்தல் வேண்டும். அக்கை மாட்டைப் பராமரிப்போரின் கையாக இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் சங்கம், முகவரின் வேலையைச் சம்பளத்துக்குச் செய்யும் அலுவலகமாகவே முடியும். அத்தோடு, கைரா தீர்க்காது விட்ட நிலத்தின் கேள்வியையும் பெண்ணின் கேள்வியையும் நாம் தொடக்கத்திலேயே எழுப்பவேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊரிலுள்ள பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஒரு காலையிற் போய் நிற்பார்களாக. பால் கொண்டுவருபவர் யார், பணம் பெறுபவர் யார், இன்றைய கொள்விலை எவ்வளவு, ஒரு மூடைப் புண்ணாக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்வார்களாக. கைராவிலும் விவசாயிகள் முதலில் செய்தது இத்தகைய கணக்கே; மறியல் அதற்குப் பின்னர்தான் வந்தது.