மழலையர் பராமரிப்புப் பணியாளர்: பயிற்சியும் சான்றிதழும் (மைசூர் வட்டாரம்)

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொண்டு, உணவூட்டி, விளையாட்டின் வழியே கற்பிக்கும் பணியாளர்களுக்குத் தரப்படும் தொழிற்பயிற்சியும், அதற்கான தகுதிச் சான்றும் இக்கட்டுரையின் பொருள். தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றி அமைந்த தேவராஜ மொஹல்லா போன்ற மைசூர் நகரப் பகுதிகளில் இந்த வேலை மூன்று தனித்தனி அமைப்புகளின் கீழ் நடக்கிறது. ஒன்று அரசின் அங்கன்வாடி. இரண்டாவது, மாண்டிசோரி என்றும் நர்சரி என்றும் பெயர்ப்பலகை வைத்த தனியார் மழலையர் பள்ளி. மூன்றாவது, செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி. மூன்றிலும் குழந்தையின் வயது ஒன்றுதான். பயிற்சியின் நீளமும், சான்றிதழின் மதிப்பும், அதற்குப் பின்னே நிற்கும் சட்டமும் வேறுவேறு. இந்த வேற்றுமை பிள்ளைகளின் தேவையை எடைபோட்டு வந்ததன்று. எந்த அமைச்சகம் எந்த ஆண்டில் எதற்காகத் திட்டம் தொடங்கியது என்பதிலிருந்து வந்தது.

தொடக்க முயற்சிகள்

ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல் 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயர் சூட்டிய முறை, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த இசபெல் பிராண்டர் இந்தியக் குழந்தைகளுக்கென்றே கதை, பொருட்பாடம், விளையாட்டு அடங்கிய ஆசிரியர் கையேடு எழுதினார். ஆனால் இது தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கான கூடுதல் வித்தையாகவே இருந்தது, தனித் தொழிலாகவில்லை. பாவ்நகரில் 1920இல் பால மந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகாதான், சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்க ஆசிரியரைத் தனியே தயாரிக்க வேண்டும் என்று நினைத்துப் பயிற்சி நிலையமும் நடத்தினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் பின்னாளில் அந்தக் கல்வியை மகாராஷ்டிரத்தின் போர்டி, கோஸ்பாட் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். ஏழை வீட்டு முற்றத்தில் பள்ளி நடத்தும் அவரது வழிதான் பின்னர் அங்கன்வாடிக்கு முன்மாதிரியாயிற்று.

தென்னிந்தியாவில் திருப்பம் 1939 நவம்பரில் வந்தது. பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பை ஏற்று இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தன் மகன் மரியோவுடன் சென்னை அடையாறிலுள்ள அச்சபைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. கீற்றுக் கொட்டகையில் நடந்த முதல் வகுப்புக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 300 பேர் வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதம் தங்கித் திரும்புவதாக இருந்தவர்களைப் போர் பிடித்து வைத்தது. இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதும் 1940 ஜூனில் மரியோ எதிரி நாட்டவராகக் காவலில் வைக்கப்பட்டார். தாயின் 70ஆம் பிறந்தநாளையொட்டி ஆகஸ்டு இறுதியில் விடுவிக்கப்பட்டார். பின்பு கொடைக்கானலில் சில ஆண்டுகள், ஆமதாபாத், கொழும்பு என்று பயிற்சி வகுப்புகள் தொடர்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் அவரிடம் பயின்றதாகக் கணக்கு.

இந்தப் பயிற்சி எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லலாம். ஏனென்றால் பிற்காலத்தில் சுருங்கிப்போனது இதுதான். பயிற்சி பெறுவோர் ஒவ்வொரு கருவியையும் (உருளைக் கட்டைகள், மணிக்கோவை, சொரசொரப்பு எழுத்தட்டை) தாமே கையாண்டு பழக வேண்டும். குழந்தைக்கு அதை எடுத்துக்காட்டும் முறையைப் படம் வரைந்து, தம் சொந்தச் சொற்களில் ஆல்பமாக எழுத வேண்டும். வகுப்பறையின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்து குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பது பாடத்தின் ஒரு பகுதி. முடிவில் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும். சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் பட்டயம் இதன் பேரிலேயே தரப்பட்டது. 1949இல் மாண்டிசோரியின் பிரதிநிதியாக ஆல்பர்ட் யோஸ்டன் இந்தியப் பயிற்சிகளின் பொறுப்பை ஏற்றார். சங்கத்தின் பட்டயத்துக்கு இருந்த கட்டுப்பாடு மாண்டிசோரி என்ற பெயருக்கு இல்லை. யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், எழுதிக்கொண்டார்கள். சில வாரத்தில் சான்றிதழ் தரும் நிலையங்கள் பெருகியதற்கு இதுவே வழிவிட்டது.

சட்டத்தில் நுழைந்த விதம்

பயிற்சி பெற்றவர்தான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சுதந்திர இந்தியாவில் முதலில் கேட்டது பள்ளிக்கூடமன்று, தொழிற்சாலை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 48ஆம் பிரிவில், பெண் தொழிலாளர் ஐம்பதுக்கு மேல் உள்ள ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது (1976இல் இது முப்பதாகக் குறைக்கப்பட்டது). அது குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இதையே குடகு, நீலகிரி, வால்பாறை தோட்டங்களுக்குச் சொன்னது. இலங்கை மலையகத் தமிழர் பிள்ளைமடுவம் என்று அழைப்பது இந்த வகைக் காப்பகத்தைத்தான். ஆனால் எத்தனை நாள் பயிற்சி, யார் தருவது, யார் சான்றளிப்பது என்று நமது சட்டங்கள் வரையறுக்கவில்லை. பல இடங்களில் கொழுந்து பறிக்க முடியாத மூத்த பெண்ணே தகுதியுள்ளவராகிவிட்டார்.

1952இல் அமைந்த இந்தியக் குழந்தைகள் நலச் சங்கம் 1961-62இல் பால சேவிகா பயிற்சியைத் தொடங்கியது. 11 மாதம் நடந்த இந்தப் பயிற்சிதான், மாண்டிசோரி வட்டத்துக்கு வெளியே, கிராமத்துப் பால்வாடிப் பணியாளருக்குக் கிடைத்த நீண்ட பயிற்சி. கட்டணம் கட்டிப் படிக்க முடியாத பெண்களுக்கு ஓராண்டுக்குச் சற்றுக் குறைந்த படிப்பை நாடு தரத் தயாராக இருந்த காலம் அது.

தி. நரசிபுரம், 1975

மத்தியக் கல்வி ஆலோசனை வாரியத்துக்காக மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு 1972இல் அறிக்கை தந்தது. பள்ளிக்கு முந்தைய குழந்தைக்கு உணவு, உடல்நலம், கல்வி மூன்றும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. கர்நாடகத்தின் முதல் இடம் மைசூர் மாவட்டத்தில், காவிரியும் கபினியும் கூடும் தி. நரசிபுரம், 100 அங்கன்வாடி மையங்கள். தமிழ்நாட்டில் நிலக்கோட்டையும் தளியும் சென்னைக் குடிசைப் பகுதியும் அந்த 33இல் அடக்கம்.

திட்டத்தின் பணிகள் ஆறு: துணை உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஊட்டச்சத்துக் கல்வி, முன்பருவக் கல்வி. அங்கன்வாடி டீச்சர் என்று ஊரார் அழைத்தாலும் டீச்சர் வேலை இவற்றில் ஆறில் ஒன்றுதான். பயிற்சியும் அப்படியே பங்கிடப்பட்டது. எடை போடுதல், வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்தல், பதிவேடுகள் ஆகியவை போக மீதி நேரத்தில் பாட்டும் கதையும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் துணை உணவுத் திட்டங்களுக்கென்று எனர்ஜி ஃபுட் என்ற மாவை உருவாக்கித் தந்தது. குழந்தையின் தட்டுக்கு வந்த அறிவியல், அதன் விளையாட்டுக்கு அவ்வளவு வேகமாக வந்துசேரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் மாதக்கணக்கில் நடந்த பணிப்பயிற்சி, மையங்கள் பெருகப் பெருக ஏறத்தாழ ஒரு மாதமாகக் குறைந்தது. பொதுக் கூட்டுறவு மற்றும் குழந்தை வளர்ச்சிக்கான தேசிய நிறுவனம் (1966) பாடத்திட்டம் வகுத்தது. அதன் தென் மண்டல மையம் பெங்களூரில் இயங்குகிறது. 1999இல் உலக வங்கி உதவியுடன் வந்த உதிஷா திட்டம் பயிற்சி நிலையங்களைச் சீர்படுத்த முயன்றது. இவ்வளவுக்கும் பிறகு கையில் கிடைப்பது, திட்டத்துக்கு வெளியே எந்தப் பள்ளியும் ஆசிரியத் தகுதியாக ஏற்காத சான்றிதழ்.

தகுதிக்கும் வருவாய்க்கும் ஒரு காலத்தில் நேரடித் தொடர்பு இருந்தது. முதல் ஆண்டில் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 150 ரூபாய், தேறாதவருக்கு 100 ரூபாய் மதிப்பூதியம். ஊதியம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்றதன் விளைவு முப்பதாண்டு கழித்து வெளிப்பட்டது. கர்நாடக அரசுக்கும் அமீர்பீ உள்ளிட்டோருக்கும் இடையிலான வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்போர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. பாடத்திட்டம் அரசுடையது, மேற்பார்வை அரசுடையது. பதவி மட்டும் அரசுடையதன்று. 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கொன்றில் அதே நீதிமன்றம் பணிக்கொடைக்கு அவர்கள் உரியவர்கள் என்று கூறியது.

மானசகங்கோத்திரியில் வேறு விதி

இதே மைசூரின் மானசகங்கோத்திரிப் பகுதியிலுள்ள, 1965இல் அமைந்த அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம், செவித்திறன் குறைந்த மழலையரைப் பயிற்றுவிப்போருக்குத் தனிப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்றுப் பதிவேட்டில் பெயர் சேர்ந்தவரே இத்தொழிலைச் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. சிறப்புத் தேவையுள்ள மூன்று வயதுக் குழந்தைக்குச் சட்டம் தந்த இந்தக் காப்பு மற்ற மூன்று வயதுக் குழந்தைகளுக்கு இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதன் 23ஆம் பிரிவு ஆசிரியர் தகுதியைக் கட்டாயமாக்கியது; மூன்று முதல் ஆறு வயது வரை பற்றிய 11ஆம் பிரிவோ, அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

அண்மைக்காலம்

2013இல் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை வந்தது. 2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு முன்பருவக் கல்விப் பட்டயத்துக்கு நெறிமுறை வகுத்தது. கஸ்தூரிரங்கன் குழுவின் வரைவை ஒட்டி அமைந்த 2020 தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு தேறிய அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழும், அதற்குக் குறைந்த படிப்புடையோருக்கு ஓராண்டுப் பட்டயமும் தொலைநிலையில் தர வேண்டும் என்றது. நடைமுறையில் முதலில் வந்து சேர்ந்தது 2023இல் தொடங்கிய போஷண் பீ படாயீ பீ திட்டத்தின் மூன்று நாள் பயிற்சி.

இதற்கிடையில் மழலையர் வகுப்பு யாருடையது என்ற போட்டி மூண்டது. தமிழ்நாடு 2019 ஜனவரியில் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கித் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை அங்கு மாற்றியது. தகுதி இறக்கம் என்று கருதிய ஆசிரியர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கர்நாடகத்தில் 2024இல் நிலைமை தலைகீழ். அரசுப் பள்ளிகளில் மழலையர் வகுப்பு வந்தால் தங்கள் மையங்கள் காலியாகும் என்று அங்கன்வாடிப் பணியாளர்கள் போராடினார்கள். எங்களிலேயே பட்டதாரிகள் உண்டு, அந்த வகுப்புகளை எங்களிடமே தரலாம் என்ற வாதம் எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் பெங்களூரில் 250 அங்கன்வாடிகள் அரசு மாண்டிசோரிகளாகத் தரம் உயர்த்தப்பட்டன. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கென அதே மாநிலம் ஊராட்சிகளில் கூசின மனெ என்ற காப்பகங்களைத் திறந்தது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தின் வேலை அட்டை வைத்திருந்த ஊர்ப் பெண்கள். குறுகிய பயிற்சிக்குப் பின் முறை மாற்றிப் பணிபுரிந்தார்கள்.