1963ஆம் வருஷத்து வகுப்பு

ஒரே வருஷம் பள்ளியில் சேர்ந்து ஒரே வருஷம் வெளியேறுகிறவர்களை 'ஒரு செட்' என்கிறோம். செட்டுக்குப் பெயர் கிடையாது, வருஷம்தான் அடையாளம். அமெரிக்கச் சிற்றூர்களிலும் அப்படித்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷத்தைச் சொன்னால் போதும், யார் யாரோடு படித்தார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். இங்கே நான் எழுத நினைப்பது வர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் எட்வர்ட் ஜில்லாவில், ஃபார்ம்வில் என்கிற ஊரில் 1963 ஜூனில் பள்ளி முடித்திருக்க வேண்டிய கறுப்பின மாணவர்களைப் பற்றி. அந்த வருஷம் அந்த ஊரில் அவர்களுக்கு அப்படியொரு வகுப்பு நடக்கவில்லை. அதற்கு முந்தைய மூன்று வருஷங்களும் நடக்கவில்லை.

சரித்திரம் ஃபார்ம்வில்லை ஞாபகம் வைத்திருப்பது வேறொரு செட்டுக்காக. கறுப்பினத்தவருக்கென்று 1939இல் கட்டப்பட்ட ராபர்ட் மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்கானது. 1951இல் அங்கே 450 பேருக்கு மேல் படித்தார்கள். நெரிசலுக்குப் பரிகாரமாகத் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது நிர்வாகம். விஞ்ஞானச் சோதனைச்சாலை, உணவுக்கூடம், உடற்பயிற்சிக்கூடம் எதுவும் கிடையாது. அந்த வருஷம் ஏப்ரல் 23ஆம் தேதி, பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண், ஒரு பொய்யான தொலைபேசிச் செய்தியால் தலைமையாசிரியரை வெளியே போகவைத்து, பள்ளி முழுவதையும் மண்டபத்தில் கூட்டிப் பேசினாள். மாணவர்கள் வெளியேறினார்கள். வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது.

அவர்கள் கேட்டது நல்ல கட்டிடம். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரு வழக்கறிஞர்கள் வந்து, கட்டிடத்துக்காக வாதாட மாட்டோம், இனவாரியாகப் பிரித்துவைப்பதையே எதிர்ப்பதானால் வழக்குப் போடுகிறோம் என்றார்கள். மாணவர்களும் பெற்றோரும் சம்மதித்தார்கள். 117 மாணவர்களின் பெயரில் போட்ட வழக்கு மேலே போய், வேறு வழக்குகளோடு சேர்ந்து, 1954 மே 17ஆம் தேதி பிரவுன் வழக்கின் தீர்ப்பாயிற்று. பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். பெரும்பாலும் கதை இங்கே முடிக்கப்படுகிறது. மாணவர்கள் எழுந்தார்கள், நீதி வென்றது என்று.

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்குத் தேதிகளைக் கூட்டிப் பார்க்கும் வியாதி உண்டு. வேலைநிறுத்தம் நடந்த 1951ஆம் வருஷம் செப்டம்பரில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது மூன்றாம் வகுப்பை முடித்துக்கொண்டிருக்கும். எட்டாம் வகுப்பை முடிப்பது 1959 ஜூனில். மிச்சமிருப்பவை நான்கு வருஷங்கள். அவை முடிவது 1963 ஜூனில்.

அந்த 1959இல், செப்டம்பர் முதல் கறுப்பின மாணவர்களையும் வெள்ளையர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜில்லா நிர்வாகம் உத்தரவை மீறவில்லை. வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்காமல் விட்டது, அவ்வளவுதான். பொதுப்பள்ளிகள் எல்லாம் பூட்டப்பட்டன. தடியடி இல்லை, துப்பாக்கி இல்லை. வன்முறை இவ்வளவு சுத்தமாகவும் நடக்கும்.

சுமார் 1500 வெள்ளைக் குழந்தைகளுக்குப் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்ற தனியார் பள்ளி அதே செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1700 கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. மேல் வகுப்பில் இருந்த சிலரைப் பாதிரியார் ஃபிரான்சிஸ் கிரிஃபின் முயற்சியால் வட கரோலினாவின் கிட்ரல் கல்லூரி ஏற்றுக்கொண்டது. சிலரை க்வேக்கர்கள் வெளி மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். சிலர் பக்கத்து ஜில்லா உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். மீதிப் பேர் மாதா கோயில்களில் சில மணி நேரம் எழுத்துப் பழகினார்கள், அல்லது புகையிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஒரு செட் என்பதன் அர்த்தமே சேர்ந்திருப்பது. அந்த அர்த்தம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

இதில் ஒரு கடினமான முடிச்சு இருக்கிறது. கறுப்பினத்தவருக்கும் ஒரு தனியார் பள்ளி நடத்தலாம் என்று வெள்ளையர் தரப்பிலிருந்து யோசனை வந்தது. பெற்றோர்கள் மறுத்துவிட்டார்கள். ஏற்றுக்கொண்டால் பிரிவினையைத் தாங்களே ஒப்புக்கொண்டதாகும், வழக்கின் அடிப்படையே போய்விடும். அவர்கள் மறுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சரிக்கு விலை கொடுத்தது பதினாலு வயதுப் பையன்களும் பெண்களும்.

இவர்களைத் தியாகிகள் என்று எழுதிவிடுவது சுலபம். தியாகத்துக்குச் சம்மதம் வேண்டும். 1951இல் மண்டபத்தைவிட்டு வெளியேறியவர்கள் தெரிந்து வெளியேறினார்கள். ஆபத்து அவர்கள் தேர்ந்தது. பார்பரா ஜான்ஸின் பாதுகாப்புக்காக அவளை மாண்ட்கோமரியில் பாதிரியாராக இருந்த பெரியப்பா வெர்னன் ஜான்ஸிடம் அனுப்பினார்கள். அவள் அங்கே படிப்பை முடித்தாள், பின்னால் நூலகரானாள். 1963 செட்டை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற வயதில் அவர்கள் இல்லை. தியாகி என்ற சொல் அவர்களுக்குத் தரும் கௌரவத்தைவிட நமக்குத் தரும் நிம்மதிதான் அதிகம்.

1963 மார்ச்சில் ராபர்ட் கென்னடி, உலகத்தில் இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்களைப் பட்டியலிட்டபோது கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம் இவற்றோடு பிரின்ஸ் எட்வர்ட் ஜில்லாவையும் சேர்த்துச் சொன்னார். செப்டம்பரில் தனியார் நன்கொடையில் இலவசப் பள்ளிகள் திறந்தன. நம் செட் பள்ளி முடித்திருக்க வேண்டிய ஜூன் போய் மூன்று மாதமாகியிருந்தது. 1964 மே 25இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளை மூடியது செல்லாது என்றது. செப்டம்பரில் பொதுப்பள்ளிகள் திறந்தன. அப்போது அவர்களுக்கு வயது பத்தொன்பதை ஒட்டி. முதல் பெஞ்சில் மறுபடி உட்காருகிற வயதல்ல.

மோட்டன் பள்ளிக் கட்டிடம் 2001இல் மியூசியமாயிற்று. 2003இல், படிப்பை இழந்தவர்களுக்குக் கௌரவச் சான்றிதழ்கள் கொடுத்தார்கள். அறுபதை நெருங்கியவர்கள் பட்டமளிப்பு அங்கி அணிந்து வாங்கிக்கொண்டார்கள். அதைப் பரிகசிக்க எனக்கு உரிமையில்லை. வாங்கியவர்களுக்கு அது என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் சரித்திரம் எழுதுகிறவன் அந்தக் காகிதத்தை வைத்துக் கணக்கை நேர் செய்துவிடக் கூடாது. சம்பவங்களை வைத்து எழுதினால் 1951, 1954, 1964 என்று மூன்று வெற்றிகள். ஒரு செட்டின் வயதை வைத்து எழுதினால் அதே காலம் பதினாலிலிருந்து பதினெட்டு வரை. முதல் கணக்கு பொய் அல்ல. இரண்டாவதைப் பக்கத்தில் வைக்காமல் படிக்கும்போதுதான் பொய்யாகிறது.