வீட்டிலேயே காசநோய்ச் சிகிச்சை: நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதி செய்யப்பட்டால், மருந்தைப் பற்றிய கேள்விக்கு முன்பே வேறொரு கேள்வி எழுகிறது. அவரை எங்கே வைத்துப் பராமரிப்பது? கொட்டிவாக்கம் குப்பத்தில் ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் வசிக்கும் குடும்பத்திற்கும், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அப்பால் ஒரே வாடகை அறையைப் பகிர்ந்துகொள்ளும் இளைஞர்களுக்கும் இக்கேள்வி ஒன்றே. சிலர் நோயாளியைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட எண்ணுகின்றனர். சிலர் தட்டு, டம்ளர், பாய் ஆகியவற்றைத் தனியே ஒதுக்கி, அவரை ஒரு மூலையில் அமர்த்திவிடுகின்றனர். இவ்விரண்டிற்கும் தேவையில்லை என்பதற்கான சான்று இந்தச் சென்னை நகரிலேயே கிடைத்தது. ஆயினும், வீட்டில் வைத்துப் பராமரிக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை அண்மைய ஆய்வுகள் முன்னைவிடத் தெளிவாகக் காட்டியுள்ளன.

வீட்டில் வைத்துப் பராமரிப்பது பாதுகாப்பானதா?

ஒரு காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சை என்றாலே சானடோரியம்தான். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு ஆகியவை இன்றி நோய் குணமாகாது என மருத்துவ உலகம் நம்பியது. 1928-இல் தாம்பரத்தில் தொடங்கப்பட்ட சானடோரியத்தின் பெயரை அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஈடாகப் படுக்கைகள் ஒருபோதும் இருந்ததில்லை.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. சேத்துப்பட்டில் இன்று இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அம்மையத்தின் வளர்ச்சியே. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடைபெற்ற முதல் ஆய்வில், நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர்கள் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள் வழங்கப்பட்டன.

ஓராண்டின் முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் 100-க்கு 92 பேர், வீட்டில் 100-க்கு 86 பேர். நெருக்கடியான வீடு, குறைந்த உணவு, ஓய்வின்மை ஆகியவற்றுக்கு இடையே கிடைத்த 86 என்பதே அன்று பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. இரு பிரிவினரின் குடும்பத்தாரும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களிடையே காசநோய் கூடுதலாகத் தோன்றவில்லை.

இதற்கான காரணத்தைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நலம். நோய் கண்டறியப்படும் முன்பே, இருமலோடு கழிந்த வாரங்களில், வீட்டிலுள்ளவர்களுக்குக் கிருமி பெரும்பாலும் பரவியிருக்கும். முறையான மருந்து தொடங்கியபின் நோயைப் பரப்பும் தன்மை விரைவாகக் குறைகிறது. ஆகவே மருந்து தொடங்கிய பிறகு நோயாளியை விலக்கி வைப்பதால் பயன் ஏதும் இல்லை. முதல் சில வாரங்களுக்கு அவர் முகக்கவசம் அணிவதும், இருமும்போது வாயை மூடிக்கொள்வதும், சளியை மூடியுள்ள பாத்திரத்தில் துப்புவதும், பகலில் சன்னல்களைத் திறந்து வைப்பதும் போதுமானவை. காசநோய் காற்றின் வழியே பரவுவது. தட்டின் வழியோ டம்ளரின் வழியோ பரவுவதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் எனக் கண்டறியப்பட்டிருந்தால் மட்டும், எவ்வளவு காலம் எச்சரிக்கை தேவை என்பதை மருத்துவரிடம் தனியே கேட்டறியுங்கள்.

உணவைப் பற்றிப் புதிதாகத் தெரியவந்தவை

சென்னை ஆய்வின் முடிவை உலகம் ஒரு வகையில் அளவுக்கு மீறியே எடுத்துக்கொண்டது எனலாம். சரியான மருந்து இருந்தால் எளிய உணவை உண்பவரின் சளியிலிருந்தும் கிருமி மறையும் என்பதையே அந்த ஆய்வு காட்டியது. உணவு ஒரு பொருட்டல்ல என்று அது கூறவில்லை. இருப்பினும் அதன்பின் பல பத்தாண்டுகள் காசநோய்த் திட்டங்களின் கவனம் முழுவதும் மாத்திரையின் மீதே இருந்தது.

2019-இல் ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்ட 'ரேஷன்ஸ்' ஆய்வு இக்குறையை நேராக ஆராய்ந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று நடத்திய இவ்வாய்வில் சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. 2,800 நோயாளிகளும் அவர்களின் குடும்பத்தார் 10,345 பேரும் சேர்க்கப்பட்டனர். நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. குடும்பத்தாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பும் சத்து மாத்திரைகளும் தரப்பட்டன.

முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளியாயின. உணவுப் பொருள் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியாகும் நுரையீரல் காசநோயோ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசிக்கு நிகரான வேலையைச் செய்தன என்று கூறினால் மிகையாகாது.

நோயாளிகளைப் பற்றிய முடிவு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அவர்களில் ஐவரில் நால்வர் எடை குறைந்தவர்களாக இருந்தனர். சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு வாய்ப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. உணவால் மட்டுமே இப்பயன் விளைந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மருந்து நன்கு வேலை செய்பவருக்குப் பசியும் எடையும் தாமாகவே கூடும். எப்படியாயினும், எடை கூடாதிருப்பது ஓர் எச்சரிக்கை மணி. அதைக் கேட்க ஓர் எடைக் கருவி போதும்.

சிகிச்சை தொடங்கும் நாளில் நோயாளியின் எடையைக் குறித்து வையுங்கள். 40 கிலோ எடையுள்ளவர் என்றால் இரண்டு மாதத்தில் 2 கிலோ கூடுவதே 5 விழுக்காடு. இரு வாரத்திற்கு ஒருமுறை எடை பாருங்கள். ஒரு மாதமாகியும் எடை அசையவில்லை என்றாலோ, குறைகிறது என்றாலோ, அடுத்த மருந்து வாங்கும் நாள் வரை காத்திராமல் சுகாதார நிலையத்தில் தெரிவியுங்கள்.

'பத்தியம்' என்ற பெயரில் மீன், முட்டை, தயிர் ஆகியவற்றை நிறுத்தும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உள்ளது. காசநோயாளிக்கு இது தீங்கு. அவருக்குத் தேவை புரதமும் கூடுதல் உணவும். கடற்கரைப் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி ஆகியவை விலையுயர்ந்த சத்துமாவுப் புட்டிகளை விட எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. சைவ உணவினர் பருப்பு, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பால் ஆகியவற்றைத் தினமும் சேர்த்துக்கொள்ளலாம். பசியில்லாதவருக்கு மூன்று வேளைப் பெரிய உணவைவிட, ஐந்தாறு முறை சிறிது சிறிதாகத் தருவது எளிது. நோயாளிக்கு சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ இருப்பின் உணவு அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உணவுச் செலவுக்காக மத்திய அரசின் நிக்ஷய் போஷன் திட்டத்தின் கீழ் நோயாளியின் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தப்படுகிறது. 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவரும், அவர் பெயர் நிக்ஷய் தளத்தில் பதிவாகியிருந்தால் இதனைப் பெறலாம். வங்கிக் கணக்கு விவரத்தை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். தாமதம் பெரும்பாலும் இங்குதான் நேர்கிறது.

எவருக்கு மருத்துவமனைச் சேர்க்கை தேவை?

பெரும்பாலோருக்கு வீட்டுச் சிகிச்சை போதும் என்பதை எல்லோருக்கும் போதும் எனப் புரிந்துகொள்ளக் கூடாது. காசநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கிறது. மருந்து கையில் இருக்கும்போதே உயிர் பிரிகிறது. நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே அவர்கள் மிக நலிந்திருந்தனர் என்பதும், அதனை எவரும் அளந்து பார்க்கவில்லை என்பதுமே இதற்கு முதன்மைக் காரணம்.

தமிழ்நாடு அரசு 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதற்கெனவே வகுக்கப்பட்டது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனம் இதற்குத் தொழில்நுட்பத் துணை நிற்கிறது. எக்ஸ்-ரேயோ இரத்தப் பரிசோதனையோ இன்றி, சில நிமிடங்களில் செவிலியரோ களப்பணியாளரோ செய்யக்கூடிய எளிய சோதனை இது. நோயாளி பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா? அமைதியாக அமர்ந்திருக்கும்போது நிமிடத்திற்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் உள்ளதா? உயரத்திற்கேற்ற எடை மிகமிகக் குறைவாக உள்ளதா? 160 செ.மீ. உயரமுள்ளவர் சுமார் 36 கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருப்பதும், 41 கிலோ அளவில் இருந்து கால் வீக்கமும் காணப்படுவதும் இக்கடைசி வகையில் அடங்கும். இவற்றுள் ஒன்று இருப்பினும் அவருக்கு உடனடியாக விரிவான பரிசோதனையும், தேவைப்படின் மருத்துவமனைச் சேர்க்கையும் வேண்டும்.

நோய் உறுதியான அன்று இச்சோதனை செய்யப்பட்டதா என்று நீங்களே கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக்கு வந்தபின் மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம், குழப்பமான பேச்சு, எழ முடியாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108 ஊர்தியை அழையுங்கள். 'வேலைக்குப் போகாமல் படுத்தே கிடக்கிறார், ஓய்வெடுக்கட்டும்' என்று விட்டுவிடுவதே இங்கு ஏற்படும் பெரிய ஆபத்து.

மருந்துகள்

வழக்கமான காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதங்கள். மாத்திரைகளின் எண்ணிக்கை நோயாளியின் எடைக்கேற்ப மாறும். அரசு மருத்துவமனைகளிலும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மருந்தின் இயல்பு, அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளாதல், தொடர் வாந்தி, பார்வை மங்குதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரைக் காணுங்கள். விடியலுக்கு முன் கடலுக்குச் செல்பவர், இரவுப் பணி செய்பவர் ஆகியோர் தமக்கு ஏற்ற ஒரு நேரத்தை மருத்துவரிடம் பேசி நிலைநிறுத்திக்கொள்ளலாம். சர்க்கரை மருந்து, கருத்தடை மாத்திரை ஆகியவற்றின் வேகத்தை ரிஃபாம்பிசின் குறைக்கும் என்பதால், நீங்கள் உட்கொள்ளும் பிற மருந்துகள் அனைத்தையும் மறவாமல் கூறுங்கள்.

இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, பசி திரும்பி, நோய் போய்விட்டதாகவே தோன்றும். மருந்து அதிகமாகக் கைவிடப்படுவது அப்போதுதான். உறங்கும் கிருமிகள் மிஞ்சியிருக்கும். அவை மீண்டும் எழும்போது மருந்துக்குக் கட்டுப்படாதவையாகவும் மாறக்கூடும். அத்தகைய நோய்க்கு முன்பு ஒன்றரை ஆண்டு வரையும் அதற்கு மேலும் சிகிச்சை தேவைப்பட்டது. நான்கு மருந்துகள் கொண்ட புதிய ஆறு மாத முறைக்கு மத்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்துள்ளது. அது தகுந்த நோயாளிகளுக்குப் பெரும் நிம்மதி. எனினும் அதன் பக்கவிளைவுகளுக்கு நெருங்கிய கண்காணிப்பு வேண்டும்.

வீட்டிலுள்ள மற்றவர்கள்

'சிறு வயதில் பி.சி.ஜி. ஊசி போட்டிருக்கிறோமே' என்று பலர் பரிசோதனையைத் தவிர்க்கின்றனர். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி 15 ஆண்டுகள் நீண்ட பேராய்வில், அந்த ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை எனத் தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து அது காக்கிறது. ஆகவே குழந்தைக்குப் போட வேண்டும். ஆனால் அதை நம்பிப் பெரியவர்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது.

ஒரே வீட்டில், அல்லது ஒரே அறையில், வசிப்பவர்கள் அனைவரும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். நோய் இல்லை என உறுதியானவர்களுக்குத் தடுப்பு மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. ஆறு மாதங்கள் நாள்தோறும் உட்கொள்ளும் முறையோடு, வாரம் ஒருமுறை வீதம் 12 வாரங்களில் முடியும் முறையும் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரை முதலில் அழைத்துச் செல்லுங்கள்.

ஐயங்களுக்கு நிக்ஷய் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-6666. தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. சிகிச்சை முடிந்த பின்பும் 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் பரிசோதனைக்கு வர வேண்டும். அந்நாட்களைச் சிகிச்சை அட்டையிலேயே எழுதித் தருமாறு கேளுங்கள்.